காலி நாற்காலியின் கனம்

விளக்கை அணைக்க வேண்டாம், தணித்தால் போதும். பயப்படுகிறவர்கள் நடுவில் வந்துவிடுங்கள். ஓரத்தில் உட்காருகிறவர்களின் முதுகுக்கு நான் பொறுப்பில்லை.

பொழுது சாய்கிற நேரம். கடலோரப் பாறைமேட்டில் ஒற்றைப் பாதை. ஈ காக்கை கிடையாது. ஒரு மனிதர் காலிச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகிறார். அதையும் திட்டிக்கொண்டே...

என் சிநேகிதரின் மச்சான்தான் அவர். நடைபாதைத் துறையில் வேலை. காட்டுப் பாதை, கடற்கரைப் பாதை எல்லாம் நடந்து பார்த்து, இது சுலபம், இது கடினம், இது எல்லோருக்கும் ஏற்றது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். "எல்லோருக்கும்" என்று எழுதுவதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. சக்கர நாற்காலியில் ஆள் கனத்துக்கு மணல் மூட்டையை வைத்து, பாதை முழுக்கத் தள்ளிப் பார்க்க வேண்டும். நான் கதையைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன் என்பது ஊரறிந்தது. இந்த மூட்டை சமாச்சாரத்தில் மட்டும் கூட்டவில்லை.

அந்தப் பாதை அவருக்கு வெறும் வேலை இல்லை. அவர் மனைவி நீச்சல் சொல்லிக்கொடுத்தவள். விபத்தில் கால்கள் போன பிறகு கடலைக் கண்ணால் பார்க்கவில்லை. புருஷன் பாதைத் துறையில், வீடு கடலோர ஊரில், இருந்தும் கூட்டிப்போக ஒரு பாதை இல்லை.

"ஊருக்கெல்லாம் பாதை பாக்குறீங்க, நம்ம வாசப்படியை இடிக்க உங்களுக்கு நேரமில்ல," என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அவருக்குத்தான் சிரிப்பு வராது.

இந்தப் பாதை தேறினால் ஞாயிற்றுக்கிழமை அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்தார்.

நுழைவாயிலிலேயே வந்தது வினை. மாடு புகாமலிருக்க வளைத்து வளைத்துக் கம்பி போட்ட கதவு. அதை அடித்தவன் பாம்புக்கு அளவெடுத்துத்தான் அடித்திருக்க வேண்டும். நாற்காலியைச் சாய்த்து, மடக்கி, தலைக்கு மேல் தூக்கி... தனியாக இழுத்த மூட்டை கம்பியில் மாட்டிக் கிழிந்தது. மணல் முழுக்க அவர் செருப்புக்குள்.

"நாசமாப் போக!" என்று கிழிந்த சாக்கை உதறிப் போட்டுவிட்டு, காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நடந்தார்.

அடுத்து கூழாங்கல். அதற்கடுத்து மரப்பாலம். பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு கன்றுக்குட்டி விழலாம். சரி, பூனைக்குட்டியாவது விழலாம். சக்கரம் மாட்டும், இழுப்பார், மாட்டும், இழுப்பார். கீழே அலை 'தொப்... தொப்...' என்று பாறையில் அறைந்தது.

பாலம் தாண்டியதும் நாற்காலி கனத்தது.

கல் மாட்டியிருக்கும் என்று குனிந்து பார்த்தார். ஒன்றுமில்லை. பிரேக் விட்டுத்தான் இருந்தது. தள்ளினார். 'க்ரீச்'... மெல்ல நகர்ந்தது. பாசி வாடை அடித்தது. ஈரத்துணியை நாள் கணக்கில் மூடிவைத்த மாதிரி ஒரு வாடை. இருக்கைத் துணியை அப்போதுதான் கவனித்தார். நடுவில் குழிந்திருந்தது. ஆள் உட்கார்ந்தால் குழியுமே... அப்படி.

வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். இவருக்கு இருந்த எரிச்சலில் பயத்துக்கு இடமில்லை. முக்கி முனகித் தள்ளிக்கொண்டு பாதையின் முடிவுக்கு வந்தார்.

முடிவில் மூன்று படி.

படிக்கு மேலே பெஞ்சு. பெஞ்சிலிருந்து பார்த்தால்தான் கடல். படிக்குக் கீழே பாறைச் சுவர் மட்டும். சுவரில் புதுப் பலகை பளபளத்தது: 'எல்லோருக்குமான பாதை'.

அதிகாரிக்குப் போன் போட்டார்.

"மூணே மூணு படிதானே? பலகை மாட்டியாச்சுய்யா. எழுதிக் குடுத்துருங்க."

"படி ஏற முடிஞ்சா அவங்க ஏன் சார் நாற்காலியில வர்றாங்க?"

போன் வைக்கப்பட்டது.

வீட்டில் போய் என்ன சொல்வது? நாற்காலியைத் திருப்பப் பார்த்தார். திரும்பவில்லை. பிரேக் தானாக விழுந்திருந்தது. எடுத்துவிட்டார். மறுபடி 'டக்'. விழுந்தது. மனைவியே எதிரில் உட்கார்ந்து அடம்பிடிப்பது போலிருந்ததோ என்னவோ, அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக் கத்திவிட்டார்:

"சரி! ஞாயித்துக்கிழமை உன்னை முதுகுல சுமந்தாவது மேல கொண்டுபோய்க் கடலைக் காட்டுறேன்! போதுமா?"

'டக்'.

பிரேக் விட்டுக்கொண்டது. திரும்பும் வழியெல்லாம் நாற்காலி பஞ்சு மாதிரி ஓடியது. இருக்கைத் துணி மட்டும் தொப்பலாக நனைந்திருந்தது. மழையும் இல்லை, அலை அந்த உயரத்துக்கு வருவதும் இல்லை.

வீட்டில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஞாயிறு காலை நல்ல வெயில். அந்தப் பாம்புக் கதவிலும் பாலத்திலும் படாத பாடுபட்டு, மனைவியை அந்த மூன்று படிவரை கொண்டுவந்துவிட்டார்.

"ஏறுடி முதுகுல."

"இடுப்புப் பிடிச்சா என்னைக் கேக்கக் கூடாது," என்றாள். ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஆள் மெலிந்து இறகு மாதிரி இருந்தாள்.

முதல் படி சுலபம். இரண்டாவதில் மூச்சு வாங்கியது. மூன்றாவதில் முழங்கால் மடங்கியது.

"என்னடி இப்படிக் கனக்குற?"

"நான் அப்படியேதாங்க இருக்கேன். உங்களுக்குத்தான் வயசாகுது."

பாசி வாடை வந்தது. கடல் பக்கத்தில்தானே, வரும் என்று நினைத்துக்கொண்டார். தள்ளாடிப் போய்ப் பெஞ்சில் அவளை இறக்கினார்.

அவள் கடலைப் பார்த்தாள். பிறகு, "அப்படியேதான் இருக்கு," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஏங்க, ஏன் குனிஞ்சே நிக்கிறீங்க? வந்து உக்காருங்க."

அவரால் நிமிர முடியவில்லை.

முதுகில் கனம் இறங்கவே இல்லை. கழுத்தைச் சுற்றி ஈரமாக, சில்லென்று இரண்டு கைகள். மனைவியின் கைகள் இரண்டும் அவள் மடியில் இருந்தன.

"போகலாமா?" என்று அவர் மெல்லக் கேட்டார்.

கழுத்தில் பிடி இறுகியது.