சார்ஜென்ட் மேஜர் அகோர்லியின் கடைசிச் சோதனை

பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தோழர்களே, என் முதல் வணக்கம் உங்களுக்கு. மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களும், போதகர் அவர்களும், குடும்பத்துப் பெரியவர்களும் பொறுத்தருள வேண்டும். முறைப்படி உங்களைத்தான் நான் முதலில் விளித்திருக்க வேண்டும். ஆனால் இன்று யாருக்காகத் துக்கக் கறுப்பும் சிவப்பும் உடுத்திக் கூடியிருக்கிறோமோ, அந்த சார்ஜென்ட் மேஜர் செனானு அகோர்லி, எந்த அணியைப் பார்வையிட்டாலும் கடைசி வரிசையிலிருந்துதான் தொடங்குவார். "ஒளியுறவன் பூரா அங்கதான்டா நிப்பான்" என்பார். இருபத்திரண்டு வருடம் அங்கே ஒளிந்து நின்றவன் நான். ஓய்வுபெற்ற கார்ப்ரல், லாரி ஓட்டுநர், பெசா நுட்சுகா. அந்த உரிமையில் பேசுகிறேன்.

பட்டாளத்தில் அவருடைய சனிக்கிழமைச் சோதனையை மறந்தவர் இங்கே யாராவது உண்டா? கட்டிலின் மேல் நம் உடைமைகளையெல்லாம் அளவெடுத்ததுபோல் அடுக்கி வைக்க வேண்டும். வெள்ளைக் கைக்குட்டையால் கட்டிலின் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பார்ப்பார். அதனால் நாம் என்ன செய்தோம்? ஆளுக்கு இரண்டு ஜோடி பூட்ஸ் வைத்துக்கொண்டோம். ஒன்று நடக்க, ஒன்று காட்ட. இரண்டு சோப்பு. ஒன்று குளிக்க, ஒன்று காட்ட. காட்டுகிற சோப்பு எனக்கு நான்கு வருடம் வந்தது. அவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? தெரியும். வரிசை நேராக இருந்ததால் விட்டுவிட்டார்.

லைபீரியாப் போர்முனையிலிருந்து நாம் திரும்பினோம். கையும் காலும் இருந்தன. தூக்கம் மட்டும் திரும்பி வரவில்லை. மூட்டுவலி போகவில்லை, நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கியது. வருடக்கணக்காக எல்லாவற்றுக்கும் லைபீரியாவையே காரணம் சொன்னோம். அந்தப் போர்வைக்குள்ளே ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் சுகமாகப் படுத்துக்கிடந்தது நமக்குத் தெரியவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்ல நமக்குத்தான் வாய் வராதே.

அகோர்லி அவர்கள் ஓய்வுபெற்று நம் ஊர் ஹோஹோயேவுக்கு வந்த மறுமாதமே நேராக மருத்துவமனைக்குப் போனார். செவிலியர் செலாசி அவர்களைக் கையோடு அழைத்து வந்து இந்தக் கூடத்தில் உட்காரவைத்தார். மாதத்தின் முதல் வியாழக்கிழமை அத்தனை பேரும் வந்தாக வேண்டும் என்று உத்தரவு. வந்தோம். எப்படி வந்தோம்? புதன்கிழமை முழுக்க அக்ப்ளே சோளமாவு உருண்டையைத் தொடமாட்டோம், உப்புக் கருவாட்டைக் கண்ணால் பார்க்கமாட்டோம். வியாழன் காலையில் மாத்திரை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டு, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றோம். நம் அட்டைகளில் எண்கள் பளபளத்தன. செலாசி பூரித்துப் போனார். சார்ஜென்ட் மேஜர் அந்த அட்டைகளைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாராம். அவர் மனைவி என்யோனம் அக்காவே சொல்லியிருக்கிறார்.

அந்த அட்டைகளிலேயே மிக அழகானது நம் தோழர் டோட்சேயினுடையது. பத்தொன்பது மாதமும் அப்பழுக்கில்லாத எண்கள். ஒரு செவ்வாய்க்கிழமை, மரவள்ளிக் காட்டில் களை கொத்திக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். மாரடைப்பு.

சவப்பெட்டியில் வைக்க டோட்சேயின் சீருடை வேண்டும் என்று அவர் மனைவி கேட்டார். சார்ஜென்ட் மேஜரும் நானும் போய் அவருடைய இரும்புப் பெட்டியைத் திறந்தோம். மேலே சீருடை இருந்தது. அதன் அடியில் மாத்திரை டப்பாக்கள். பத்தொன்பது மாதத்து டப்பாக்கள், மூலைக்கு மூலை சரியாக, நூல் பிடித்ததுபோல் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டே இரண்டு மாத்திரைதான் குறைந்திருந்தது.

சார்ஜென்ட் மேஜர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"எவன்டா இவனுக்கு இப்படி அடுக்கக் கத்துக்குடுத்தான்?" என்றார்.

அவரே ஒரு டப்பாவை எடுத்துப் பார்த்தார்.

"நான்தான்டா. காட்டுறதுக்கு ஒண்ணு, இருக்குறதுக்கு ஒண்ணுன்னு வச்சிருந்தீங்க. தெரிஞ்சும் சும்மா இருந்தேன்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நுட்சுகா, உன் பெட்டியில எத்தனைடா?"

"பதினாலு, சார்."

அவர் அழுததை நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதார்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமை கிடையாது. பிரஷர் கருவியைத் தோள்பையில் போட்டுக்கொண்டு, எந்தக் கிழமை, எந்த நேரம் என்று சொல்லாமல் அவரே வரத் தொடங்கினார். சர்ச் வாசலுக்கு வருவார். சீட்டாடும் இடத்துக்கு வருவார். நம் மனைவிமார்தான் அவருக்கு உளவுப்படை. நான் லாரி நிறுத்தத்தில், மரத்தடியில், நடு மத்தியானத்தில் பொரித்த கருவாடும் கையுமாகப் பிடிபட்டேன்.

"சார், இன்னைக்கு வேணாம் சார். ரெண்டு நாள் குடுங்க, நானே வரேன்."

"உன் அழகைத்தான் மாசாமாசம் பாத்தேனே. இன்னைக்கு உன்னைப் பாக்கணும். உக்காரு. காலைத் தரையில வை. மூச்சைப் பிடிக்காதடா, நான் உன்னை ஒண்ணும் பண்ணமாட்டேன்."

இருநூற்றுப் பன்னிரண்டு. கீழ் எண் நூற்றிருபது. திட்டுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என் எண்ணெய்க் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாடா, இது நிஜம். இதோட நாம சண்டை போடலாம்" என்றார். என் லாரியிலேயே என்னை ஏற்றி, வேறொருவரை ஓட்டச் சொல்லி, மருத்துவமனைவரை பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். இதயம் வீங்கிவிட்டது, இன்னும் சில வாரம் விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும் என்றார் மருத்துவர். அது நடந்து ஆறு வருடம் ஆகிறது, தோழர்களே. உங்கள் முன் நின்று பேசுகிறேன்.

நம்மிடம் உண்மையைக் கேட்டவர் தன்னுடையதை மறைத்தாரா? இல்லை. அதோ அந்தக் கரும்பலகையைப் பாருங்கள். வாராவாரம் தன் சர்க்கரை அளவை அதில் தானே எழுதுவார். "என்னோடது இருநூத்தி எண்பது. இதைவிட அசிங்கமா வச்சிருக்கவன் வெக்கப்படாம கை தூக்கு" என்பார். ஒருநாள் அவர் தொப்பிப் பெட்டியில் ஒளித்துவைத்த கருவாட்டை என்யோனம் அக்கா கண்டுபிடித்துவிட்டார். அதையும் எழுதினார்: கருவாடு, ஒரு துண்டு, தொப்பிப் பெட்டி. கூடமே சிரித்தது. சிரித்த வாயோடு அன்று நாம் ஒவ்வொருவராக உண்மையைச் சொன்னோம். டோட்சேக்குப் பிறகு, கணக்காக அட்டை வைத்துக்கொண்டு காட்டில் சாய்ந்தவர் நம்மில் ஒருவர்கூட இல்லை. இதற்கு மேல் ஒரு மனிதருக்கு என்ன பதக்கம் வேண்டும்?

அவருடைய சிறுநீரகத்தைச் சர்க்கரை முன்பே தின்றுவிட்டிருந்தது. ஏழு வாரம் மருத்துவமனையில் கிடந்தார். அந்த ஏழு வாரம் நம்மைத் தேடி யாரும் வரவில்லை. நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் வீட்டில் இப்போது பிரிக்காத டப்பா ஒன்று இருக்கிறது. இங்கே தலை குனிகிறவர்களும் என் கண்ணுக்குத் தெரிகிறார்கள். என்னைத் தவிர யாரும் இல்லை என்று நினைத்திருந்தேன், பரவாயில்லை.

நேற்று என்யோனம் அக்கா அவருடைய தோள்பையை என்னிடம் கொடுத்தார். உள்ளே கருவி இருந்தது. ஒரு தாளும் இருந்தது. அவர் எழுதியபடியே படிக்கிறேன்:

"நுட்சுகா, என் இரங்கல் கூட்டத்துக்கு எல்லாப் பயலும் வருவான். என்னை வழியனுப்ப வருவான், எனக்குக் காட்ட வரமாட்டான். ஒரு பய மாத்திரையை ரெண்டா முழுங்கியிருக்கமாட்டான். இதைவிட நல்ல நாள் கிடைக்காது. யார்கிட்டயும் முன்னாடி சொல்லாத. முதல்ல உன் கையை நீட்டு."

யாரும் எழ வேண்டாம். வாசலில் செலாசி நிற்கிறார். என்யோனம் அக்கா சமையல் பந்தலைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருக்கிறார். எண்ணைச் சொன்னவருக்குத்தான் சோறு.

இந்தக் கூட்டத்துக்கு வருமுன்னரே செலாசி எனக்குப் பிரஷர் பார்த்துவிட்டார். ஐந்து நிமிடம் உட்காரவைத்துத்தான் பார்த்தார். நூற்றெழுபத்தெட்டு, நூற்று நான்கு. கரும்பலகையில் அவர் கடைசியாக எழுதிய எண்ணுக்குக் கீழே இதை எழுதுகிறேன். அவர் எண்ணை அழிக்கமாட்டேன். நாளையிலிருந்து அந்தத் தோள்பை என் தோளில் இருக்கும். எந்தக் கிழமை, எந்த நேரம் என்று சொல்லமாட்டேன். என்னைச் சோதிக்கும் வேலை என்யோனம் அக்காவுடையது.

சார், மறைக்காமல் எழுதிவிட்டேன்.

தோழர்களே, சட்டைக் கையை மடியுங்கள். பின்வரிசை முதலில் வரட்டும்.