வடக்குக் கதவு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மேடம். எனக்கு லிஃப்டில் ஏறப் பிடிக்காது. இருபத்தாறு வருடமாக லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிறேன், எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் படியில்தான் ஏறுவேன். கூட வேலை செய்பவர்கள் இதை வைத்து என்னை ஓட்டாத நாளில்லை. முழங்காலுக்கு நல்லது என்று சொல்லிச் சமாளித்துவிடுவேன்.

வாயால் சொல்வதைவிட எழுதித் தருகிறேன் என்று நான்தான் கேட்டேன். பராமரிப்புப் பதிவேடு எழுதிப் பழகிய கை இது. தேதி, நேரம், என்ன பழுது, என்ன செய்தோம், கையெழுத்து. நீங்கள் கொடுத்த பேனா கொஞ்சம் கசிகிறது, பரவாயில்லை. தேநீர் நன்றாக இருந்தது.

மேகக்கோட்டை என்ற கேமைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். நானும்தான். என் மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபோது அதை என் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தாள். போனில் பேசினால் சாப்பிட்டாயா, சாப்பிட்டேன் என்பதோடு எங்கள் பேச்சு நின்றுவிடும். கேமில் அப்படியில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு இருவரும் கோட்டை வாசலில் சந்திப்போம். கல் சுமப்போம், விளக்கு ஏற்றுவோம், காவல்காரனை ஏமாற்றி உள்ளே நுழைவோம். நடுநடுவே அவள் தன் மேனேஜரைத் திட்டுவாள், நான் என் சூப்பர்வைசரைத் திட்டுவேன். அவள் அம்மா போன பிறகு நாங்கள் வாய்விட்டுச் சிரித்தது அங்கேதான்.

ஒன்றரை வருடம் பாடுபட்டு அவள் ஒரு நீல அங்கி சம்பாதித்தாள். அதைப் போட்டுக்கொண்டு கோட்டையின் மூன்றாம் மாடியில் வடக்குக் கதவைத் திறந்தாள். கதவுக்கு அப்பால் ஒரு மாடம் இருக்க வேண்டும், படத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே ஒன்றுமில்லை. நேராகக் கீழே விழுந்தாள். விழுந்தால் உயிர் திரும்ப வரும், போட்டிருந்த பொருள் வராது. அங்கி போயே போய்விட்டது.

"விடுங்கப்பா, வெறும் கேம்தானே" என்றாள். விடுவதா என்றேன். கதவு திறந்தால் அதற்குப் பின்னால் தரை இருக்க வேண்டும். என் தொழிலே அந்த ஒரு வரிதான். அன்றே புகார் எழுதி அனுப்பினேன். அடுத்த ஞாயிறு அவளிடம் அதைப் பற்றித்தான் பேசினேன், அதற்கடுத்த ஞாயிறும். மூன்றாவது ஞாயிறு அவள் வரவில்லை. பிறகு வரவே இல்லை. ஒரு கதவு என் மகளை என்னிடமிருந்து பிரித்துவிட்டது என்று நான் சொன்னால் நீங்கள் சிரிக்கக் கூடாது.

பதில் வந்தது. வராமல் இல்லை. "உங்கள் புகாரைப் பெற்றுக்கொண்டோம். ஆய்வில் உள்ளது." இரண்டு வாரம் கழித்து, "முன்னுரிமை குறைவு." அதற்கும் இரண்டு வாரம் கழித்து, "இந்தச் சிக்கல் எங்கள் பக்கத்தில் மீண்டும் நிகழவில்லை. புகார் முடித்துவைக்கப்படுகிறது." நான் படம் பிடித்து அனுப்பினேன், எந்தக் கல்லில் கால் வைத்தால் விழுகிறோம் என்று அளவு போட்டு அனுப்பினேன். மறுபடி முதலிலிருந்து, பெற்றுக்கொண்டோம், ஆய்வில் உள்ளது. எல்லாப் பதிலின் அடியிலும் "உதவிக்குழு, எண் 7" என்றிருக்கும். இதற்கிடையில் குதிரைகளுக்குப் புதுத் தொப்பி விட்டார்கள், மேடம். பதினாறு நிறத்தில்.

இப்படியே முப்பது வாரம் போனது. அந்தக் கதவுக்கு மற்ற ஆட்டக்காரர்கள் பழகிவிட்டார்கள். புதிதாக வருபவர்களை, "பாத்துப்பா, அங்க தரை இல்ல" என்று எச்சரித்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். எனக்கு மட்டும் பழகவில்லை.

அந்தக் கம்பெனி இருக்கும் கட்டடத்தின் பராமரிப்பு என்னிடம் வந்தது தற்செயல் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். முகவரி அவர்களுடைய மெயிலின் அடியிலேயே பொடி எழுத்தில் இருக்கும். பார்த்தால் எங்கள் நிறுவனம் போட்ட லிஃப்ட், பக்கத்து வட்டாரத்து மெக்கானிக் பார்க்கிறார். முழங்கால் வலி, ஐந்தே மாடியுள்ள கட்டடமாகக் கொடுங்கள் என்று சூப்பர்வைசரிடம் கேட்டு மாற்றிக்கொண்டேன். என் முழங்காலுக்கு ஒன்றுமில்லை.

பழைய லிஃப்ட். ஒவ்வொரு மாடியிலும் கையால் தள்ளித் திறக்கும் கதவு. கூண்டு வந்து நின்றால்தான் கதவின் பூட்டுக்கொக்கி விடும், இல்லாவிட்டால் யானை வந்து தள்ளினாலும் திறக்காது. நான் பொறுப்பேற்ற முதல் திங்கட்கிழமையிலிருந்து நாலாம் மாடிக் கதவு கூண்டு இல்லாமலே திறக்க ஆரம்பித்தது. நாலாம் மாடியில்தான் மேகக்கோட்டைக்காரர்கள் இருந்தார்கள்.

கட்டட மேனேஜரை எல்லோரும் சாவிக்கொத்து என்பார்கள். இடுப்பில் அரைக்கிலோ சாவி தொங்கும், மனிதர் வருவதற்கு முன் சத்தம் வந்துவிடும். இரண்டாவது வாரமே பதிவேட்டில் புகார் எழுதிவிட்டார். அதன் கீழே நான், "புகார் பெற்றுக்கொள்ளப்பட்டது. ஆய்வில் உள்ளது" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். நான்காவது வாரம், "முன்னுரிமை குறைவு." ஆறாவது வாரம் அவரை எதிரே நிற்க வைத்து, நான் அவருக்குத் தெரியாமல் கொக்கியை விரலால் பிடித்துக்கொண்டு, திறக்கவில்லை பாருங்கள் என்று கதவைத் தள்ளிக் காட்டி, "எங்கள் பக்கத்தில் மீண்டும் நிகழவில்லை" என்று எழுதினேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டே போனார். அந்தப் பதிவேடு உங்களிடம் இருக்கிறது. பதினோரு புகார், பதினோரு பதில். ஒரு வார்த்தைகூட என் சொந்த வார்த்தை இல்லை.

சாவிக்கொத்து கடைசியில் கதவில் ஒரு தாளை ஒட்டினார், பார்த்து ஏறவும் என்று. நாலாம் மாடிக்காரர்களும் பழகிவிட்டார்கள். கதவைத் திறந்து, எட்டிப் பார்த்து, கூண்டு இருந்தால் ஏறுவார்கள், இல்லாவிட்டால் சாத்திவிட்டு நிற்பார்கள். மனிதர்கள் எதற்கும் பழகிக்கொள்கிறார்கள் என்பதைப் பார்க்க ஒரு வகையில் நன்றாகவே இருந்தது.

வட்டக் கண்ணாடி போட்ட பெண்ணைப் பற்றித்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அவர் என்னோடு நன்றாகப் பேசுவார். திங்கட்கிழமை நான் படியேறி வரும்போது எதிரில் வந்தால் நிற்பார். ஒருநாள், நீங்கள் ஏன் லிஃப்டில் வருவதில்லை என்று கேட்டார். நீங்கள் உங்கள் கேமை விளையாடுவதுண்டா என்று நான் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். நாள் முழுக்கப் புகாருக்குப் பதில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போய் அதையே விளையாட மனம் வராது என்றார். நான்தான் எண் ஏழு என்று சொல்லிக் கையை நீட்டினார். குலுக்கினேன்.

அப்போதுதான் அவராகவே ஆரம்பித்தார். "ஒரு பெரியவர் இருக்காருங்க. வாரம் தவறாம ஒரே கதவப் பத்தி எழுதுறாரு. அளவெல்லாம் போட்டு அனுப்புறாரு. அவர் சொல்றது சரிதான். மேல இருக்கிறவங்க காதுலயே போட்டுக்க மாட்டேங்கறாங்க. பதில் எழுதுறப்ப எனக்கே வெக்கமா இருக்கு. ஆனா நான் விடப் போறதில்ல."

அவருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். மனதுக்கு இதமாக இருந்தது, மறைக்கவில்லை. அந்த வாரமே கொக்கியை மாற்றிவிடலாம் என்றுகூட நினைத்தேன். புதுக் கொக்கி ஒன்று துணியில் சுற்றி என் பையிலேயே இருந்தது, மாற்ற இருபது நிமிடம் போதும். ஆனால் யோசித்துப் பாருங்கள், மேடம். அவர் நல்லவர் என்பதால் வடக்குக் கதவுக்குத் தரை வந்துவிட்டதா? என்னை முப்பது வாரம் காக்க வைத்தார்கள், நானும் முப்பது வாரம் காக்க வைப்பதென்று முடிவு செய்திருந்தேன். ஒரு நாள் கூடக் கூடாது, ஒரு நாள் குறையவும் கூடாது. முப்பத்தோராவது திங்கட்கிழமை காலையில் கொக்கியை மாற்றிவிட்டு, "சரிசெய்யப்பட்டது, உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று எழுத வேண்டும் என்று வாசகம்கூட மனதில் தயாராக இருந்தது.

முப்பதாவது வாரம், வியாழக்கிழமை. மாலை நாலு பத்துக்கு எனக்கு மெயில் வந்தது. வழக்கமான வாசகம் இல்லை. "ஐயா, கதவு சரியாகிவிட்டது. இன்றுதான் அனுமதி கிடைத்தது, என் முன்னாலேயே உட்கார வைத்துச் செய்யச் சொன்னேன். போய்த் திறந்து பாருங்கள். எண் 7."

நான் அப்போது வீட்டில் இருந்தேன். உடனே கேமுக்குள் போய்த் திறந்து பார்த்தேன். மாடம் இருந்தது. கருங்கல் தளம், ஓரத்தில் கைப்பிடிச் சுவர், கீழே மேகம். கால் வைத்தேன், தாங்கியது. அப்படியே பத்து நிமிடம் நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பத்து நிமிடம் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், நடந்தது எல்லாவற்றையும் எழுதச் சொன்னீர்கள்.

நாலு பதினொன்றுக்கு அவர் லிஃப்ட் கதவைத் திறந்தார் என்று நீங்கள் சொன்னீர்கள். கையில் போன், போனில் எனக்கு அனுப்பிய மெயில். முப்பது வாரமாக எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். அன்று சந்தோஷத்தில் பார்க்கவில்லை போலிருக்கிறது. கூண்டு தரைத்தளத்தில் நின்றது. உயிர் அங்கேயே போய்விட்டது என்று சாவிக்கொத்து அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தார். கடைசி மெயில் யாருக்குப் போனது என்று தேடித்தான் நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். வந்த பிறகுதான் அதே ஆள் லிஃப்ட் மெக்கானிக்காகவும் இருப்பது தெரிந்தது. நல்ல வேலை, மேடம். இவ்வளவு சீக்கிரம் ஒரு புகாரைக் கவனித்தவர்களை நான் பார்த்ததில்லை.

எனக்கு வருத்தம் இல்லை என்று நினைக்காதீர்கள். இருக்கிறது. திங்கட்கிழமைக்கு இன்னும் நாலே நாள்தான் இருந்தது. அவர்கள் ஒரு வாரம் முன்னால் கதவைச் சரிசெய்திருந்தால் நானும் முன்னாலேயே செய்திருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். செய்திருக்க மாட்டேன். கணக்கு கணக்குதான்.

உங்கள் ஸ்டேஷன் எழுத்தர் முதல் தாளில், "பராமரிப்பில் கவனக்குறைவு" என்று எழுதியிருக்கிறார். அதை அடித்துவிடச் சொல்லுங்கள். இருபத்தாறு வருடத்தில் என்மேல் அப்படி ஒரு சொல் விழுந்ததில்லை. கொக்கி தேயவில்லை, மேடம். அந்த முதல் திங்கட்கிழமை அரத்தால் நான்தான் ராவினேன், அளவு பார்த்து, கையால் தள்ளினால் திறக்கும் அளவுக்கு மட்டும். அதன் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் நாலாம் மாடிக்குப் படியேறிப் போய், கதவு கூண்டு இல்லாமல் திறக்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் கீழே இறங்குவேன். ஒருமுறை திறந்து ஒருமுறை திறக்காமல் போனால் அது நியாயமான புகார் ஆகாது. இதில் கவனக்குறைவு எங்கே வந்தது?

இன்னும் ஒன்றே ஒன்று. அந்த மாடத்தில் நின்றபடியே மகளுக்குச் செய்தி அனுப்பினேன், கதவு சரியாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை வா என்று. மறுநாள் பதில் வந்தது. என் போன் உங்களிடம்தான் இருக்கிறது, நீங்களும் படித்திருப்பீர்கள். "நான் வராம போனது கதவால இல்லப்பா. ஒண்ணு புடிச்சா நீங்க விடவே மாட்டீங்க. அம்மாவும் இதத்தான் சொல்லிட்டே இருந்தாங்க. எனக்கு உங்கள நெனச்சா பயமா இருக்குப்பா."

இரண்டு தடவை படித்தேன். பெற்றுக்கொண்டேன், ஆய்வில் உள்ளது என்று பதில் போட்டிருக்கிறேன். ஆனால் என் பக்கத்தில் அப்படி எதுவும் நிகழவில்லை.