அதிகாரம் பெறுபவர்

கையெழுத்துப் போடும்போது பெரும்பாலானவர்கள் மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள், இன்ஸ்பெக்டர் சார். சிவாஜிநகரில் நோட்டரியாக உட்கார்ந்து நான் கவனித்த விஷயம் இது. பத்திரத்தை யாரும் படிப்பதில்லை. எங்கே போடுவது என்று மட்டும் கேட்பார்கள். நான் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுக் காட்டுவேன்.

டெஸ்மண்டும் ஐரினும் அண்ணன் தங்கை. ரிச்சர்ட்ஸ் டவுனில் அம்மா விட்டுப்போன வீடு இருவருக்கும் பொது. அம்மாவை அடக்கம் செய்ததிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. பூட்டிக் கிடக்கும் வீட்டைக் கவனிக்க ஒருவருக்குப் பவர் பத்திரம் எழுதித் தரலாம் என்று யாரோ சமாதானம் செய்து அனுப்பியிருந்தார்கள். ஆளுக்கொரு ஆட்டோவில் வந்தார்கள்.

அந்தப் பத்திரத்தின் கடைசிப் பக்கம் குழப்பமானதுதான். அதிகாரம் கொடுப்பவர்களுக்கு இரண்டு கோடு, பெறுபவருக்கு ஒன்று. மூன்றும் ஒரே மாதிரி இருக்கும்.

"நாந்தான் மூத்தவன். பவர் எனக்குத்தான்," என்றார் டெஸ்மண்ட்.

"மம்மிக்கு டயப்பர் மாத்துனது யாரு, நீயா? வாயை மூடிக்கிட்டு சும்னே குந்து," என்றார் ஐரின்.

டெஸ்மண்ட் பேனாவைப் பிடுங்கினார். ஐரின் என் ஸ்டாம்ப் பேடை எடுத்து அண்ணன் சட்டையில் அப்பினார். எனக்கு மனசே கேட்கவில்லை.

"கொடுக்கிறவங்க கோட்டுல ரெண்டு பேரும் போடுங்க. இன்னொரு கோட்டை அப்புறம் பார்த்துக்கலாம்," என்றேன். போட்டுவிட்டுப் போனார்கள்.

நிதானமாக யோசித்தேன். அண்ணனுக்குக் கொடுத்தால் தங்கை அழுவார். தங்கைக்குக் கொடுத்தால் அண்ணன் கோர்ட்டுக்குப் போவார். பாரபட்சம் இல்லாத ஒருவர் வேண்டும். எனக்குத் தெரிந்து அப்படிப்பட்ட ஆள் நான்தான். பெறுபவர் கோட்டில் கையெழுத்திட்டேன். நோட்டரி முத்திரையையும் நானே குத்தினேன். வேறொரு நோட்டரிக்கு எதற்குச் சிரமம்?

ஆளில்லாத வீடு பாழாகிவிடும். ஆகவே நல்ல குடும்பமாகப் பார்த்து லீசுக்கு விட்டேன். என் மனைவி பாகீரதிக்கு. முன்கூடத்தில் காற்று அருமையாக வருகிறது. அவர்கள் அம்மாவின் பியானோ இடத்தை அடைத்தது. அதை விற்றுச் சுவருக்கு வெள்ளையடித்தோம்.

போன வாரம் இருவரும் வீட்டு கேட்டுக்கு வெளியே வந்து நின்றார்கள். ஐரின் தேம்பினார். டெஸ்மண்ட் அவர் தோளை அணைத்து, "அழாதம்மா, அண்ணன் இருக்கேன்ல," என்றார். பிறகு இருவரும் சேர்ந்து ஒரே குரலில் என்னைத் திட்டினார்கள். ஜன்னலில் நின்று பார்த்த பாகீரதிக்குக் கண் கலங்கிவிட்டது.

நீங்கள் இதை மோசடி என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். சேர்ந்தவர்கள் மறுபடி பிரிந்துவிடக் கூடாதே என்ற ஒரே கவலையில்தான் சார், வீட்டைக் காலி செய்ய மாட்டேன் என்கிறேன்.