பொட்டு வச்ச பிளக்

— கம்ப்யூட்டர் நல்லா ஓடுதுன்னு சந்தோஷமாத்தானே போட்டோ அனுப்பினேன். அதுக்கு ஏன் ஜெபசிங் இப்படிப் பதறறீங்க?

— போட்டோ நல்லாதான் மேடம் கீது. அந்த மூலைல டிவி பிளக் தெரியுது பாருங்க, அதுல சிவப்பு பொட்டு கீழ பாத்து கீது. சார் எங்க? அத மொதல்ல சொல்லுங்க.

— மாடி ரூம்லதான். ரிடையர் ஆனதுலேர்ந்து அந்த ரூமை விட்டு எங்க வர்றார்? காலேஜ் நாள்ல வாங்கின கம்ப்யூட்டருக்கு நீங்க உயிர் கொடுத்துட்டீங்க, நான் இங்க கீழ தனியா சீரியல் பாத்துக்கிட்டு இருக்கேன்.

— கூப்டுங்க மேடம். கத்திக் கூப்டுங்க. ஒயரு கியரு எதையும் தொடாம எந்திரிச்சி வரச் சொல்லுங்க.

— என்னங்க! ஏங்க, உங்களைத்தான்! கேக்காது ஜெபசிங், காதுல ஹெட்போன் மாட்டியிருப்பார். அந்தக் கம்ப்யூட்டருக்கு புரோகிராமே டேப் கேசட்லேர்ந்துதானே ஏறுது, அந்த சத்தத்தைக் கேட்டாத்தான் ஒழுங்கா ஏறுதான்னு தெரியுமாம். இருங்க, நான் மேல போய் முதுகுல ஒண்ணு வைக்கறேன்.

— வேணா மேடம்! நில்லுங்க! சாரத் தொடாதீங்க. அவரு மேல கரண்ட் பாஞ்சிகினு இருந்தா ஒங்களையும் சேத்து இஸ்துக்கும்.

— கரண்டா? முருகா! என்ன தம்பி சொல்றீங்க?

— மாடில கம்ப்யூட்டரோட சேத்து வச்ச அந்த டிவி பழைய காலத்து பொட்டி மேடம். சுவத்துலேர்ந்து வர்ற ஒயருல ஒண்ணு நேரா டிவி உள்ள இருக்கற தகடுலயே ஒக்காந்துகினு இருக்கும். ஆண்டெனா ஓட்டைல கம்ப்யூட்டர மாட்னா நடுவுல கம்பெனிக்காரன் வச்ச தடுப்பு கீது, ஒண்ணும் ஆவாது. ஆனா படம் கலங்கலா வரும். எழுத்து பளிச்சுனு தெரியணும்னு சார் ஆசப்பட்டாரு. நான் அந்தத் தடுப்பத் தாண்டி கம்ப்யூட்டர் ஒயர நேரா உள்ள சேத்து வுட்டுட்டேன்.

— அப்படின்னா இவ்வளவு நாள் எப்படி ஒண்ணும் ஆகலை?

— பிளக்குல ரெண்டு குச்சிதானே மேடம், எப்டி வேணா சொருவலாம். ஒரு பக்கமா சொருவுனா தகடுல கரண்ட் இருக்காது. திருப்பி சொருவிட்டா டிவி தகடு, கம்ப்யூட்டர், டேப்பு, ஹெட்போனு, எல்லாத்துலயும் பூந்துரும். பிளாஸ்டிக் பட்டன மட்டும் தட்டிகினு இருந்தா ஒண்ணும் தெரியாது. ஒயரு முனைல இருக்கற இரும்புல வெரல் பட்டா தீந்துது. அதுக்குதான் எங்க வூட்டுக்காரி ஜாய்ஸோட நகப்பாலிஷ எடுத்து பிளக்குல பொட்டு வச்சேன். பொட்டு எப்பவும் மேல பாக்கணும்.

— ஐயோ, காலைல ரூம் சுத்தம் பண்றப்ப நான்தானே அந்தப் பிளக்கைப் பிடுங்கினேன். மறுபடி சொருகினதும் நான்தான்.

— பொட்டு தெரியலியா மேடம்?

— தெரிஞ்சுது. ஏதோ பெயின்ட் சிந்தியிருக்குன்னு நினைச்சேன். அதுக்கு ஒரு அர்த்தம் இருக்குன்னு யாரு சொன்னா எனக்கு?

— சாரான்ட சொன்னேன்.

— சார்கிட்ட சொன்னீங்க! எங்க வீட்ல பிளக்கைப் பிடுங்கறது சாரா?

— தப்புதான் மேடம். இப்ப திட்டாதீங்க, அப்பால செருப்பால கூட அடிங்க. மெயின் சுச்சு எங்க கீது?

— வாசல்ல. மழைச்சாரல் அடிக்குது, தரையெல்லாம் ஈரம். ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டா ஒண்ணும் ஆகாதுல்ல?

— மெயினுக்கு போட்டுகினு போங்க. ஆனா அத நம்பி மாடிக்கு போய் எதையும் தொட்டுராதீங்க. செருப்பு காலுக்குத்தான் மேடம். ஒரு கை ஒயர்ல, இன்னொரு கை ஜன்னல் கம்பிலயோ இரும்புக் கட்டில்லயோ பட்டா செருப்பு இன்னா பண்ணும்? நெஞ்சு வழியா பூந்து போயினே இருக்கும்.

— அவர் மேஜையே இரும்பு மேஜை, ஜெபசிங்.

— ஏசப்பா! போங்க மேடம், போனக் கட் பண்ணாதீங்க. நான் கம்பெனி கேன்டீன்லேர்ந்துதான் பேசறேன். வேலை லைன்ல நிக்கற வரைக்கும் போன் லாக்கர்ல பூட்டிக் கெடக்கும், சாப்பாட்டுக்கு வந்துதான் ஒங்க போட்டோவே பாத்தேன். ஒரு வா கூட எறங்கல... சே, ஜாய்ஸ் வேற நடுவுல கூப்புடறா.

— எடுத்துப் பேசிட்டு வாங்க.

— அவளுக்கு அரிசி தீந்து பூட்டுதுன்னு சொல்லணும், வேற இன்னா. கட் பண்ட்டேன். வாசலுக்குப் போய்ட்டீங்களா?

— வந்துட்டேன். பெட்டி திறக்க மாட்டேங்குது. கடல் காத்துல கதவு துருப்பிடிச்சு இறுகிப்போச்சு. கரண்டி எடுத்துட்டு வந்து நெம்பட்டுமா?

— கரண்டி வேணா! இரும்பே வேணா. கட்டை எதுனா கீதா?

— பூரிக்கட்டை இருக்கு.

— அதுதான். ஓரமா தட்டுங்க. தட்டிகினே இருங்க.

— தட்டறேன் ஜெபசிங்... இந்தா, வந்துடுச்சு. பெரிய சுவிட்சா?

— பெர்சுதான். கீழ இசுங்க.

— இழுத்துட்டேன். ஹால்ல லைட் போயிடுச்சு. கடவுளே... ஜெபசிங், மாடில ஃபேன் சத்தம் கேக்குது. இன்னும் சுத்துது!

— இன்வெர்ட்டர்! ஒங்க வூட்ல இன்வெர்ட்டர் கீதா?

— அவர்தான் வச்சார். கரண்ட் போனா கேம் பாதில நின்னுடக் கூடாதுன்னு மாடி ரூமுக்கு மட்டும் தனியா.

— எங்க மேடம் வச்சிருக்கீங்க? ஓடுங்க!

— மாடிப்படிக்கு அடியில. இருங்க, பழைய பேப்பரெல்லாம் மேல அடுக்கி வச்சிருக்கேன், தள்ளறேன்... சுவிட்ச் பின்னாடி இருக்கு போல, தெரியலையே... கிடைச்சுது. அமுக்கிட்டேன்.

— ஃபேன் நின்னுச்சா?

— நின்னுடுச்சு.

— சாரு?

— ஒரு சத்தமும் இல்லை, ஜெபசிங்.

— கூப்டுங்க மேடம்.

— எனக்குப் பயமா இருக்கு.

— நானும் லைன்ல கீறேன். கூப்டுங்க.

— என்னங்க... ஏங்க! ரவி! ஏதாவது பேசுங்களேன்!

— மேடம்? மேடம், இன்னா ஆச்சு?

— கத்தறார். முக்கால்வாசி ஏறினது போச்சே, எவ ஆஃப் பண்ணினதுன்னு கத்தறார். கத்தட்டும். நல்லா கத்தட்டும்.

— ஸ்தோத்திரம் ஆண்டவரே. இருங்க மேடம், பக்கத்து டேபிள்காரன் தண்ணி குடுக்கறான்.

— எனக்கு அழுகை வருது தம்பி. மாடிப்படியிலயே உக்காந்துட்டேன். முப்பது வருஷம் அணு ஆராய்ச்சில பாதுகாப்பு பாத்தவர், இந்தப் பொட்டை நம்பி உக்காந்திருக்காரே!

— நடுவுல தடுப்பா ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் வச்சிருக்கணும் மேடம். பொட்டிக்குள்ள எடமில்லைன்னு வுட்டுட்டேன். பொட்டு வச்சா போதும்னு மெத்தனமா இருந்துட்டேன். ஞாயித்துக்கெழம சர்ச் முடிஞ்ச ஒடனே வந்து எல்லாத்தையும் பிரிச்சிடறேன். படம் கலங்கலாவே வந்துட்டு போட்டும்.

— கலங்கலா வந்தாலும் உசிரு இருக்கும். சரி, இதே மாதிரி வேற யாருக்காவது பண்ணிக் கொடுத்தீங்களா? அவங்களுக்கும் உடனே சொல்லிடுங்க.

— வேற யாருக்கும் இல்ல மேடம். ஒங்களுக்குப் பண்றதுக்கு மின்னாடி, காயலாங்கடைல வாங்கின இதே மாரி கம்ப்யூட்டர வச்சி எங்க வூட்டு டிவில பண்ணிப் பாத்தேன், அவ்ளோதான். எம்பொண்ணு ஜெபா அதுலதான் கேம் ஆடிகினு கீறா.

— அந்தப் பிளக்லயும் பொட்டு இருக்குல்ல?

— நம்ம வூட்டுக்கு இன்னாத்துக்கு மேடம் பொட்டு? எந்தப் பக்கம் சொருவணும்னு எனுக்குத் தெரியுமே.

— உங்களுக்குத் தெரியும் ஜெபசிங். ஜாய்ஸுக்கு?

— மறுபடியும் அவதான் மேடம் கூப்டறா.

— எடுங்க! என்னை விடுங்க, முதல்ல அதை எடுங்க!

— ஜாய்ஸ்! ஜெபா எங்க?

— இன்னாயா நீ, எத்தினி தபா அடிக்கறது? கட் பண்ணிகினே கீற!

— ஜெபா எங்கடி? சொல்லு!

— எங்க போவா? மழைன்னு ஸ்கூலு லீவு, காத்தாலேர்ந்து ஒன் கம்ப்யூட்டர்தான். இரும்புக் கட்டில்ல ஏறி ஒக்காந்துகினு தட்டிகினு கீறா. நான் துணி தேய்க்க அந்தப் பிளக்கப் புடுங்கிட்டு திரும்ப சொருவிக் குட்த்தேன். அப்பத்திலேர்ந்து ஒயர தொட்டா சுர்ருங்குதுமான்னா. அதக் கேக்கதான் ஒனக்கு அடிச்சேன்.

— மெயின ஆஃப் பண்ணு ஜாய்ஸ்! ஓடு, மெயின ஆஃப் பண்ணு!

— நான் மொட்ட மாடில கீறேன்யா, மழ வருது, துணிய எடுத்துகினு கீறேன். நீதான் போன எடுக்கலியே, அதான் செருப்பு போட்டுகினு தொடுடின்னு அவளான்ட சொல்லிட்டு வந்தேன். ஏன்யா, செருப்பு போட்டா ஒண்ணும் ஆவாதுல்ல?