ஒரு ஸ்பூன் நிலவேம்பு

உட்காரச் சொன்னீர்களே, அதற்கே உங்களைக் கும்பிட வேண்டும் இன்ஸ்பெக்டர் மேடம். இரண்டு வருடமாக நின்றுகொண்டே இருந்த மாதிரி கால் கெஞ்சுகிறது. மறைக்க எனக்குத் தெம்பில்லை. கேட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் இராஜமாணிக்கம் பட்டு நெய்பவர். சாப்பாட்டைத் தறிக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். உப்பு ஒரு கல் குறைந்தால் தட்டு பறக்கும். குழம்பு தெறித்துத் தறியில் பூட்டிய பாவு நூலில் கறைபட்டால் அதற்கும் எனக்குத்தான் அடி. இருபத்திரண்டு வருடம் இப்படியே போனது.

பிறகு அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. வேலூரில் முப்பத்து மூன்று தடவை கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சு என்பார்களே, அது. நோய் போனது, கூடவே ருசியும் போனது. சாம்பாரும் சுடுதண்ணீரும் ஒன்றுதான் என்றார். எதை வைத்தாலும் தலையைக் குனிந்து விழுங்கினார். தட்டை அவரே கழுவி வைத்தார். கல்யாணமானதிலிருந்து நான் பயமில்லாமல் சமைத்தது அந்த ஐந்து மாதம்தான்.

ஒருநாள் ரசத்தை வாயில் வைத்துவிட்டுச் சிரித்தார். "கலா, புளிப்பு தெரியுதுடி. உப்புதான் கொஞ்சம் கம்மியா கீது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அவர் கையிலிருந்த தட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் கஞ்சியில் நிலவேம்புப் பொடி கலந்தேன். விஷமில்லை மேடம். காய்ச்சல் பரவும்போது தெருவில் நின்று எல்லாருக்கும் ஊற்றிக் கொடுக்கிறார்களே, அதே பொடிதான். உடம்புக்கு நல்லது. ஒரு வாய் வைத்தவர், "மறுபடியும் போச்சா? ஒரே கசப்பா கீதே. நீ கொஞ்சம் சாப்ட்டு பாரேன்" என்று ஸ்பூனை நீட்டினார். சாப்பிட்டேன். முகம் சுளிக்காமல், "நல்லாத்தாங்க கீது" என்றேன்.

அப்புறம் தினமும் கலந்தேன். பாலில், இளநீரில்கூட. கொஞ்சம் கொஞ்சமாக அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். முப்பத்தாறு கிலோவுக்கு வந்தார். மூக்கில் குழாய் வைக்கலாம் என்றார் டாக்டர். கரண்ட் வைத்தபோது ஒரு தடவை குழாயோடு பட்ட பாடு போதும் என்று இவர் மறுத்துவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை. சாவுக்குச் சேவூரிலிருந்து வந்த நாத்தனார் குணசுந்தரி, அடுப்படியில் மிச்சமிருந்த கஞ்சியை வாயில் வைக்காமல் இருந்திருந்தால் உங்களுக்கும் இந்த வேலை இருந்திருக்காது.

கடைசி வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "உம்மேல இன்னா தப்பு கலா. நீ நல்லாத்தான் சமைக்கிற. என் நாக்குதான் செத்துப் போச்சு" என்றார். அந்தச் சொல்லைக் கேட்க எனக்கு எத்தனை வருட ஆசை தெரியுமா. அவர் கண்ணைத் துடைத்துவிட்டேன். உள்ளே போய் அந்த வேளைக் கஞ்சியிலும் கலந்தேன், வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடவே. நல்ல மனிதராக இருக்கும்போதே போய்ச் சேரட்டும் என்றுதான் மேடம்.