வீட்டுக்குப் போன பிறகும் நடக்கும் பூனை

மூத்தவள்: "மிஸ், நாங்க எல்லாரும் வீட்டுக்குப் போனப்புறமும் இந்தப் பூனை கம்ப்யூட்டருக்குள்ளே நடந்துக்கிட்டே இருக்குமா?"ன்னு ஒரு பிள்ளை கேட்டுச்சே... அது யார் வகுப்புல? அதை மட்டும் சொல்லு எனக்கு.

இளையவள்: வந்ததும் வராததுமா இதானா அக்கா? மாடிப்படி ஏறின மூச்சே இன்னும் அடங்கல உங்களுக்கு. உக்காருங்க முதல்ல.

மூத்தவள்: எங்க உக்கார? உன் வகுப்பு ரூம்ல நாற்காலி மேலயும் பெட்டி, மேசை மேலயும் பெட்டி. பெரிய இடமாயிடுச்சு.

இளையவள்: கீழ லாண்டிரிக்காரர்கிட்ட ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கிட்டு வரட்டுமா?

மூத்தவள்: வேணாம். அவரோட சோப்பு வாசனையே இங்க வரைக்கும் வந்து உக்காந்திருக்கு, அது போதும். கேட்டதுக்குப் பதில் சொல்லு.

இளையவள்: ...உங்க வகுப்புலதான்.

மூத்தவள்: காதுல விழல.

இளையவள்: உங்க வகுப்புலதான் அக்கா! லைப்ரரி பின்பக்க ரூம்ல, உங்க சனிக்கிழமை வகுப்புல, அந்தப் பூனையை வரைஞ்ச பிள்ளை, நம்ம பூனைக்காரிதான் கேட்டா. போதுமா?

மூத்தவள்: அப்புறம் அது எப்படி உன் கேள்வியாச்சு? உனக்கு நிதி குடுத்த விழாவுல அறக்கட்டளை அம்மா மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, உன்னைக் காட்டி, "சின்னப் பிள்ளைங்க கம்ப்யூட்டரை வேடிக்கை மட்டும் பாக்கக் கூடாது, அதுல ஏதாவது உண்டாக்கணும், அதுக்குத்தான் இந்த நிதி. இந்த அம்மா வகுப்புல ஒரு குழந்தை என்ன கேட்டிருக்கு பாருங்க"ன்னு ஆரம்பிச்சாங்க பாரு... சபையே கை தட்டுது. நானும் தட்டினேன். பல்லைக் காட்டிக்கிட்டு.

இளையவள்: பாத்தேன். நீங்கதான் எல்லாரையும் விடச் சத்தமா தட்டினீங்க.

மூத்தவள்: உள்ளே எரியறது வெளிய தெரியக் கூடாதுன்னா சத்தமாத்தான் தட்டணும்.

இளையவள்: அக்கா...

மூத்தவள்: அந்தக் கத்தரியை எடு. சும்மா நின்னு பேசினா ஒரு பெட்டியும் திறக்காது. உதவிக்குன்னுதானே கூப்பிட்ட?

இளையவள்: கத்தரி நீங்களே வெச்சுக்குங்க. அது வலது கைக்காரங்களுக்குச் செஞ்சது, என் கையில வெட்டாது. எனக்கு இந்தச் சின்னக் கத்தி போதும்.

மூத்தவள்: மறந்தே போயிட்டேன் பாரு. நம்ம வீட்டுக்கு நீ சின்ன மருமகளா வாக்கப்பட்டு வந்த புதுசுல, சாப்பாட்டு மேசையில உன் இடது முழங்கை என் வலது முழங்கையை இடிச்சுக்கிட்டே இருக்கும்.

இளையவள்: இன்னைக்கும்தான் இடிக்குது. ஆனா நீங்க எழுந்து வேற இடம் மாத்திக்கிட்டதே இல்ல.

மூத்தவள்: உன் பக்கத்துலதான் குழம்புப் பாத்திரம் இருந்துச்சு. அதுக்காக.

இளையவள்: சரி, சரி.

மூத்தவள்: இது என்ன... வரையிற பலகையா? பேனா வெச்சு எழுதினா நேரா திரையில வருமே, அதுவா?

இளையவள்: அதேதான். அழுத்தி வரைஞ்சா கோடு தடிக்கும், மெல்ல வரைஞ்சா மெலியும்.

மூத்தவள்: என் பிள்ளைங்க மவுஸைப் பிடிச்சுக்கிட்டு வரையுதுங்க. சோப்புக்கட்டியைப் பிடிச்சுக் கோலம் போடுற மாதிரி... இங்க குடு. திரை மேல ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக்கை நான் உரிக்கிறேன்.

இளையவள்: உரிங்க.

மூத்தவள்: அந்தச் சந்தோஷமாவது எனக்கு இருக்கட்டும்.

இளையவள்: எல்லாத்தையுமே உரிங்க அக்கா. யாரு வேணாம்னா?

மூத்தவள்: அத்தை போன வாரம் பூரா ஃபோன்ல இதே பேச்சு. "சின்னவளுக்கு நிதி கிடைச்சிருக்கு, பேப்பர்ல ஃபோட்டோ வந்திருக்கு"ன்னு சொந்தக்காரங்க ஒருத்தர் விடாம. பக்கத்துல உக்காந்து நான் காய் நறுக்கறேன். "பெரியவளும் ஏதோ பொம்மைப் படம் சொல்லிக் குடுக்கறா"ங்கறாங்க. ஏதோ! அன்னைக்கு நறுக்கின காயைப் பாத்திருக்கணும் நீ. பொடிப்பொடியா.

இளையவள்: அதான் அன்னைக்குப் பொரியல் அவ்வளவு மையா இருந்துச்சா?

மூத்தவள்: சிரிக்காதே. காலையில கண்ணை மூடிக் கும்பிட்டா கடவுள் முகம் வர மாட்டேங்குது எனக்கு. உன் புது மேசைதான் வருது.

இளையவள்: மேசை ஏதாவது வரம் குடுத்துச்சா?

மூத்தவள்: விளையாட்டா சொல்லலடி. ஒரு மனுஷி கும்பிட உக்காந்து, பொறாமைப்பட்டுட்டு எந்திரிக்கறா. அதைவிட அசிங்கம் என்ன இருக்கு?

இளையவள்: ...எனக்கும்தான் இருக்கு.

மூத்தவள்: உனக்கு என்ன குறை?

இளையவள்: என் வகுப்புல பிள்ளைங்க என்ன கேள்வி கேக்குதுங்க தெரியுமா? "மிஸ், வைஃபை பாஸ்வேர்ட் என்ன?" அவ்வளவுதான். ஃபோன்ல படம் எடுக்கக் கத்துக்குடுக்கறேன், ஒலி சேர்க்கக் கத்துக்குடுக்கறேன். வேலை நல்லாத்தான் நடக்குது. ஆனா ஒரு பிள்ளையும் அந்த மாதிரி கேட்டதில்ல. உங்க ரூம்ல மட்டும் எப்படி அக்கா கேக்குதுங்க?

மூத்தவள்: நான் என்னத்தைக் கண்டேன்? நான் ஒண்ணும் பண்றதில்ல. கூட உக்காந்திருப்பேன்.

இளையவள்: அதான். எனக்கு உக்கார வர மாட்டேங்குது. நிதிக்கு ஆள் எடுக்கற குழு முன்னாடி நின்னேன், "உங்க வகுப்புல மறக்க முடியாத ஒரு விஷயம் சொல்லுங்க"ன்னாங்க. எனக்கு வாயில வந்தது அந்தப் பூனைதான். வந்தப்புறம்... திருத்தல.

மூத்தவள்: திருத்தல.

இளையவள்: ஆமா. திருத்தியிருக்கணும்.

மூத்தவள்: பணத்தை எடுத்துக்கிட்டா கூடப் பரவால்ல. அந்தக் கேள்வி... அது ஒண்ணுதான் என்கிட்ட இருந்துச்சு.

இளையவள்: தெரியும்.

மூத்தவள்: ம்... பிளக் எங்க இருக்கு?

இளையவள்: உங்க கால்கிட்ட. போடுங்க. முதல் மெஷினை ஓட்டிப் பாப்போம்... இதோ வந்துடுச்சு. ஒரு நிமிஷம், ஒரு படம் வெச்சிருக்கேன்.

மூத்தவள்: அடடே. இது...

இளையவள்: பூனைக்காரியோட பூனைதான். புது மெஷின்ல முதல்ல இதுதான் நடக்கணும்னு நினைச்சேன்.

மூத்தவள்: நல்லாத்தான் நடக்குது வரிப்பூனை. திரை பெருசானதும் வரியெல்லாம் எவ்வளவு தெளிவாத் தெரியுது பாரு.

இளையவள்: ரொம்பக் கிட்டப் போய்ப் பாக்காதீங்க அக்கா, கண்ணு கெட்டுடும்.

மூத்தவள்: இதைத்தான் நான் தொலைக்கப் பாத்தேன். ஞாபகம் இருக்கா? பருவம் முடிஞ்சா மெஷின் எல்லாத்தையும் சுத்தமா துடைச்சு வைப்பேன், அடுத்த பிள்ளைங்க வெறும் பலகையில தொடங்கட்டும்னு. அந்தத் தடவை, பெத்தவங்களுக்குப் படம் போட்டுக் காட்டுற காட்சி நடக்கறதுக்கு முன்னாடியே துடைச்சுட்டேன். கை பழக்கத்துல.

இளையவள்: எல்லாருக்கும் நடக்கறதுதான்.

மூத்தவள்: மத்த பிள்ளைங்க படமெல்லாம் தனியா எடுத்து வெச்சிருந்தேன். இவளோடது மட்டும் போச்சு. சுவத்துல ஒட்டின காகிதப் படங்கள்தான் மிச்சம். விடிஞ்சா காட்சிக்கு அவளோட அப்பா அம்மா வேலைக்கு லீவு போட்டுட்டு வராங்க. அந்தப் பிள்ளை முகத்துல எப்படி முழிப்பேன்னு உன்கிட்டதான் வந்து அழுதேன்.

இளையவள்: அழுதீங்க. அப்புறம் காலையில போய்ப் பாத்தா படம் இருந்துச்சு. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. அதை எதுக்கு இப்ப...

மூத்தவள்: கடவுள் செயல்னு நினைச்சேன்.

இளையவள்: கடவுள் செயல்தான். வேற யாரு?

மூத்தவள்: ஆமா. வேற யாரு... அன்னைக்கு லைப்ரரிச் சாவி உன்கிட்டதானே இருந்துச்சு? நாற்காலி போட்டு வைக்கறேன்னு வாங்கிட்டுப் போனியே.

இளையவள்: நாற்காலி போட்டேன். போட்டுட்டுப் பூட்டிட்டு வந்துட்டேன்.

மூத்தவள்: ம்.

இளையவள்: இந்தப் பெட்டியில ஒயர் எல்லாம் இருக்கு. அந்தப் பக்கம் தள்ளுங்க.

மூத்தவள்: தள்ளறேன். நான் வந்த விஷயத்தைச் சொல்லிடறேன். லைப்ரரியில அந்த ரூமை எடுத்துக்கறாங்க. பழைய புஸ்தகம் அடுக்கணுமாம். வர்ற சனிக்கிழமைதான் கடைசி வகுப்பு.

இளையவள்: அக்கா! எப்பச் சொன்னாங்க?

மூத்தவள்: எப்பவோ. அதை விடு. பிள்ளைங்களை உன்கிட்ட விட்டுட்டுப் போகத்தான் வந்தேன். பூனைக்காரிக்கு ஜன்னல் ஓரமா இடம் குடு, வெளிச்சம் இல்லாட்டி முணுமுணுப்பா. இன்னொருத்தன் இருக்கான், நாங்க சாமியார்னு கூப்பிடுவோம். பேசவே மாட்டான். பேச வைக்காதே. வரையட்டும். ஒரு நாள் அவனே வந்து காட்டுவான்.

இளையவள்: நீங்க?

மூத்தவள்: எனக்கு என்ன? வீட்டுல காய் இருக்கு நறுக்க.

இளையவள்: பொம்மைப் படம் யாரு சொல்லிக் குடுப்பா? எனக்கு வரைய வராது.

மூத்தவள்: உனக்கா வராது?

இளையவள்: ...வராது. நான் எங்க வரைஞ்சேன்?

மூத்தவள்: சரி. நீ எங்க வரைஞ்ச.

இளையவள்: இந்தாங்க. பிடிங்க இதை.

மூத்தவள்: என்ன சாவி?

இளையவள்: இந்த ரூமோடது. ஒண்ணு எனக்கு, ஒண்ணு உங்களுக்கு. சனிக்கிழமை நீங்க. நான் அன்னைக்கு இந்தப் பக்கமே வரல.

மூத்தவள்: வேணாம்மா. "பெரியவ சின்னவகிட்ட வேலைக்குப் போறா"ன்னு அத்தை ஃபோனை எடுத்துடுவாங்க. என் வயித்துல இருக்கிற நெருப்புக்கு அது வேற எண்ணெய்.

இளையவள்: வேலைக்குன்னு யாரு சொன்னா? உங்க கேள்வியை வெச்சு வாங்கின மெஷின். காலையில அந்த அறக்கட்டளை அம்மா பெட்டிங்களோட இங்க வந்தாங்க. அவங்ககிட்டச் சொல்லிட்டேன்.

மூத்தவள்: என்னன்னு?

இளையவள்: அந்தக் கேள்வி என் வகுப்புல கேட்டது இல்ல, எங்க அக்கா வகுப்புல கேட்டதுன்னு. பேப்பர்ல திருத்திப் போடுங்க, நிதியைத் திருப்பி வாங்கிக்கறதுன்னாலும் வாங்கிக்குங்கன்னு.

மூத்தவள்: பைத்தியமா உனக்கு? கைக்கு வந்ததை யாராவது...

இளையவள்: டேப்பை வெட்டப் போனா கை வரல அக்கா. அதான் நீங்க வர்ற வரைக்கும் எல்லாப் பெட்டியும் அப்படியே கிடந்துச்சு.

மூத்தவள்: அந்த அம்மா என்ன சொன்னாங்க?

இளையவள்: சிரிச்சாங்க. "நீங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் போலிருக்கு"ன்னாங்க.

மூத்தவள்: ...அப்படின்னா?

இளையவள்: அதைத்தான் நானும் கேட்டேன்.

மூத்தவள்: கேட்டுட்டியா?

இளையவள்: நாம ரெண்டு பேரும் போட்ட மனுவுல முதல்ல வந்தது உங்க பேராமே. ஒரு குடும்பத்துக்கு ஒண்ணுதான் குடுக்க முடியும், உங்களுக்குத் தரப்போறோம்னு சொல்ல ஃபோன் பண்ணாங்களாமே. நீங்கதான் "என் பேரை எடுத்துட்டு அவ பேரைப் போடுங்க, அவகிட்டச் சொல்லாதீங்க"ன்னு...

மூத்தவள்: அந்த அம்மா வாயில ஒரு விஷயம் தங்குதா பாரு!

இளையவள்: ரூம் போகப்போகுதுன்னு அப்பவே தெரியுமா உங்களுக்கு?

மூத்தவள்: தெரியும்.

இளையவள்: தெரிஞ்சுமா? இவ்வளவு பொறாமையை வெச்சுக்கிட்டா விட்டுக்குடுத்தீங்க?

மூத்தவள்: குடுக்கறப்ப ஒண்ணும் இல்ல, மனசு காத்தாட்டம் இருந்துச்சு. குடுத்தப்புறம்தான் வந்து பிடிச்சுது. ஃபோனை வெச்சதும் ஆரம்பிச்சது, இன்னைக்கு உன் படியேறுற வரைக்கும் விடல.

இளையவள்: ஏன்க்கா? எனக்கு எதுக்குக் குடுக்கணும்? நான் என்ன பண்ணேன் உங்களுக்கு?

மூத்தவள்: சாவியை இப்படிக் குடு, சொல்றேன்... காட்சி முடிஞ்சு ரொம்ப நாள் கழிச்சு பூனைக்காரி என் காதுகிட்ட வந்து, "மிஸ், என் பூனைக்கு வரியெல்லாம் இந்தப் பக்கம் சாயும், படத்துல அந்தப் பக்கம் சாயுது; யாரோ இடது கைக்காரங்க எனக்காக உக்காந்து வரைஞ்சிருக்காங்க, அவங்ககிட்டக் கேக்காதீங்க, வெக்கப்படுவாங்க"ன்னா. நானும் கேக்கலடி.