பத்துப் பேர் நிற்கும் படம்

திருச்செந்தூர் பஸ் ஆறுமுகநேரி உப்பளங்களைத் தாண்டிக்கொண்டிருந்தது. முன் சீட்டில் புதுத் துறைமுகத்துச் சுமைதொழிலாளி ஒருவர், பக்கத்திலிருந்த கடைக்காரரிடம் பழைய பத்திரிகைப் படமொன்றைக் காட்டினார்.

“கல்கத்தாவுல ஒரு சீசன் சம்பளத்துக்கு ஃபுட்பால் ஆடுனேன் அண்ணாச்சி.”

“இதுல பத்துப் பேருல்லா இருக்கு? நீ எங்கன நிக்கே?”

“நான் கோல்கீப்பர். சீசன் பூரா வெளிய உக்கார வச்சிட்டாங்க. பேசக்கூட ஒரு தமிழாளு கெடையாது. கடைசி மேட்சுக்குத்தான் எறக்குனாங்க.”

“எத்தன கோலத் தடுத்தே?”

“பந்து எம்பக்கம் வரவேயில்ல. நம்மாளுங்க கோல் போட்டு ஜெயிச்சி, அந்தக் கோடியில கட்டிப்பிடிச்சி ஆடுதாங்க.”

“நீயும் ஓட வேண்டியதுதான?”

“ஓடுனேன் அண்ணாச்சி. போய்ச் சேருறதுக்குள்ள படம் எடுத்து முடிச்சிட்டாங்க.”